அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்!

கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? யார் யார் போவது, எந்த ரயில், மொய் எவ்வளவு, யாருக்கு என்ன புடவை... இதுதானே? சில வீடுகளில் மட்டும் இன்னொரு கேள்வியும் உண்டு. அதை அடுப்படியில் வைத்து மெதுவான குரலில் பேசுவார்கள். "சரி, இவளை என்ன செய்றது?"

'இவள்' என்பது போலியோவில் கால் சூம்பிப்போன நாத்தனாராக இருக்கலாம். பார்வை இல்லாத கொழுந்தனாராக இருக்கலாம். பக்கவாதம் வந்து பிழைத்த மாமியாராக, பேச்சு வராத பேரப் பிள்ளையாக இருக்கலாம். "பாவம், எதுக்கு அலைக்கழிக்கணும்? வீட்டிலேயே இருக்கட்டும்" என்று முடிவாகும். அப்படி முடிவானால், கூட ஒருத்தர் வீட்டில் தங்க வேண்டுமே, அது யார்? பெரும்பாலும் தாயார். தாயார் இல்லாவிட்டால் மருமகள். ஆக, ஒருத்தருக்கு நடக்க முடியவில்லை என்றால் இரண்டு பேருக்கு ஊர் உலகம் மூடிப்போகிறது!

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நம் தேசத்தில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் பேருக்கு மேல். இத்தனை பேரில் நாம் பஸ்ஸிலும் ரயிலிலும் பார்ப்பது எத்தனை பேரை? மற்றவர்கள் எல்லாம் எங்கே? நாலு சுவருக்குள்தான்.

அவர்கள் பிரயாணம் போவதற்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. வசதி செய்து தர வேண்டும் என்று கட்டளையும் போட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் நம் வாசலுக்குத் தானாக நடந்து வராது. என்னென்ன உண்டு என்று தெரிந்து வைத்துக்கொண்டு, முன்கூட்டியே, வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர்கள் யார்? பிரயாண மூட்டையைக் கட்டுகிற நாம்தான். அதனால்தான் இதைக் குடும்பப் பெண்கள் படிக்கும் பத்திரிகையில் எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதல் சட்டம் 1995-ல் வந்தது. அதில் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் சேர்த்திருந்தார்கள். அதன் பிறகு 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து, 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இதில் 21 வகைகள். கை கால் ஊனம், பார்வை, காது, பேச்சு இவற்றோடு மூளை முடக்குவாதம், ஆட்டிசம், தசைச் சிதைவு நோய், தலசீமியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் என்று பலரும் இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். "நம்ம பிள்ளைக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு, இதுக்கெல்லாம் எங்க சலுகை?" என்று நினைத்து ஒதுங்கிய தாய்மார்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவை விசாரித்துப் பார்ப்பது நல்லது.

இந்தச் சட்டத்தின் 41-வது பிரிவு பிரயாணத்துக்கென்றே உள்ளது. பஸ் நிலையம், ரயில் நிலையம், விமான நிலையம் மூன்றிலும் வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, டிக்கெட் கவுன்ட்டர் எல்லாம் இவர்கள் உபயோகிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறது. ஏற்கெனவே கட்டிய பொதுக் கட்டடங்களையும் ஐந்து வருஷத்துக்குள் மாற்ற வேண்டும் என்று 45-வது பிரிவு கெடு வைத்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. வேலைதான் முடியவில்லை.

இதற்காக ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்ற மனிதர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2017-ல் ஒரு தீர்ப்பு, 2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. வசதிகளை 'செய்தால் நல்லது' என்கிற ஆலோசனை மாதிரி விட்டுவைக்கக் கூடாது, கட்டாயம் செய்தே ஆக வேண்டிய அளவுகளைத் தனியாக வகுக்க வேண்டும் என்று இரண்டாவது தீர்ப்பில் கோர்ட் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே சகோதரிகளே, நாம் போய் ஒரு சக்கர நாற்காலி கேட்டால் அது தர்மம் கேட்பது ஆகாது. தயங்கி, தலை குனிந்து நிற்க வேண்டியதே இல்லை.

ரயில் பிரயாணம்

நம் பக்கத்து ஜனங்களுக்குச் சென்னை போக பொதிகை, சிலம்பு ரயில்கள்தானே! ரயிலில்தான் வசதிகளும் அதிகம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ரயில்வே அறிவிப்புகளில் 'திவ்யாங்ஜன்' என்று எழுதியிருந்தால் மாற்றுத்திறனாளி என்று அர்த்தம். இது தெரியாமல் பலர் அறிவிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதலில் கட்டணம். துணை இல்லாமல் பிரயாணம் செய்ய முடியாத கை கால் ஊனமுற்றவர்கள், துணை தேவைப்படும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள், முழுதும் பார்வை இல்லாதவர்கள் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி வகுப்பு, மூன்றடுக்கு ஏ.சி. இவற்றில் 75 சதவீதம் தள்ளுபடி. இரண்டடுக்கு ஏ.சி.யிலும் முதல் வகுப்பு ஏ.சி.யிலும் 50 சதவீதம். காதும் பேச்சும் இரண்டுமே இல்லாதவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதி வகுப்பிலும் 50 சதவீதம். கூடப் போகிற துணையாள் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு! 2020-ல் கொரோனா சமயத்தில் மூத்த குடிமக்கள் சலுகை முதலான பலவற்றை நிறுத்தினார்களே, அப்போதும் இந்தச் சலுகையை எடுக்கவில்லை.

இதற்கு அரசாங்க டாக்டர் குறிப்பிட்ட படிவத்தில் எழுதிக் கொடுக்கும் சான்றிதழ் வேண்டும். அதைக் காட்டினால் ரயில்வேயில் ஒரு புகைப்பட அட்டை தருகிறார்கள். நமக்கு மதுரைக் கோட்டம். விண்ணப்பத்தை ரயில்வேயின் இணையதளத்திலேயே போடலாம். அட்டை கைக்கு வந்துவிட்டால், அதிலுள்ள எண்ணைப் போட்டு வீட்டில் இருந்தபடியே செல்போனில் சலுகை டிக்கெட் எடுக்கலாம். கவுன்ட்டரில் கால் கடுக்க நிற்க வேண்டாம்.

அடுத்தது படுக்கை. நீண்ட தூர ரயில்களில் படுக்கை வசதி வகுப்பில் இவர்களுக்காக நாலு படுக்கைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் இரண்டு கீழ்ப் படுக்கை. சாதாரணமாக டிக்கெட் எடுத்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. சலுகை டிக்கெட்டாக, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, தனிப் பெட்டி. பல எக்ஸ்பிரஸ் ரயில்களில் கார்டு பெட்டியை ஒட்டி இவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. வாசல் அகலம், கழிப்பறை பெரியது, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. இடம் இருக்கிறதே என்று மற்றவர்கள் ஏறி உட்கார்ந்துகொள்வது அடிக்கடி நடக்கிற சங்கதி. அது குற்றம், அபராதம் உண்டு. சண்டை போட வேண்டாம். 139 என்ற எண்ணுக்குப் போன் செய்து பெட்டி எண்ணைச் சொன்னால் போதும். நம் விருதுநகர், மதுரை வழியாக 2023 செப்டம்பரிலிருந்து ஓடும் வந்தே பாரத் ரயிலில் சக்கர நாற்காலியை நிறுத்த இடமும், அது நுழைகிற கழிப்பறையும் வைத்திருக்கிறார்கள்.

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாக ஓடு பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை. ஜப்பானில் செய்யிச்சி மியாகே என்பவர், பார்வை மங்கி வந்த தம் நண்பருக்காக 1965-ல் கண்டுபிடித்தது. 1967-ல் ஒகாயாமா நகரத்துத் தெருவில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு இருந்தால் 'இப்படியே நட', புள்ளி புள்ளியாக இருந்தால் 'நில், ஜாக்கிரதை' என்று அர்த்தம். கால்தான் அதைப் படிக்கும். அந்த ஓட்டின் மேல் பெட்டி, மூட்டை வைத்து உட்காராதீர்கள். நம் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

என் மதினி வீட்டுக் கதை

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு ஒரு மகள். பிறந்தபோதே மூச்சுத் திணறி, மூளை முடக்குவாதம் வந்த பெண். உட்காருவாள், சிரிப்பாள், சினிமாப் பாட்டு என்றால் உயிர். நடக்க வராது. அவள் பிறந்ததிலிருந்து மதினி வெளியூர்க் கல்யாணம் எதற்கும் போனதில்லை. போன வருஷம் சென்னையில் ஒரு நெருங்கிய கல்யாணம் வந்தது.

"மதினி, இந்தத் தடவை நீங்களும் பிள்ளையும் வாங்க. ரயில்ல கீழ்ப் படுக்கையே குடுக்கான்" என்றேன்.

"அதெல்லாம் நமக்கு எங்க தாயி குடுக்கப் போறான்? நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அதோடு விட்டுவிடாமல் இரண்டு மாசத்துக்கு முன்னாலேயே அட்டைக்கு எழுதிப் போட்டோம். அட்டை வந்ததும் சலுகை டிக்கெட் எடுத்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், எங்கள் பெட்டி எங்கே நிற்கும், சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். சிறு ஊர்களில் வண்டி இரண்டு மூன்று நிமிஷம்தான் நிற்கும். முன்னாலேயே சரியான இடத்தில் போய் நிற்காவிட்டால் அத்தனை ஏற்பாடும் வீண்!

போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. திரும்பும்போது ஒரு பெரிய ஜங்ஷனில் இறங்கி வேறு பிளாட்பாரம் மாற வேண்டியிருந்தது. அங்கே லிஃப்ட் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் போர்ட்டர் ஒருவரும் என் வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். ஸ்டேஷன் புகார்ப் புத்தகத்தில் தேதி, நேரம் போட்டு எழுதிவிட்டுத்தான் வந்தோம். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் மதினி ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பெண்ணோ, "அத்தை, அடுத்து எப்ப ரயிலு?" என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பஸ்

எங்கள் சோழபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ போக வேண்டுமானால் பஸ்தான். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களோடு வருகிற துணையாள் ஒருவருக்கும் 2021-லிருந்து டிக்கெட் இல்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? துணைக்கு வருகிறவர் அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருந்தாலும் இலவசம்தான். வெளியூர் போகும் அரசு பஸ்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 75 சதவீதக் கட்டணச் சலுகை இருக்கிறது. அடையாள அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

கட்டணம் குறைந்து என்ன பிரயோஜனம், படி உயரமாக இருந்தால்? நல்ல காலுள்ள நமக்கே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறதே! சென்னையில் வைஷ்ணவி ஜெயக்குமார் முதலானவர்கள் இதற்காக ஹைகோர்ட் வரை போய்ப் பல வருஷம் போராடினார்கள். அதன் பலனாக 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. பஸ் நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும். சாய்வுப் பலகை வழியாகச் சக்கர நாற்காலி உள்ளே போய்விடும். கர்ப்பிணிகளும், மூட்டுவலிக்காரப் பாட்டிகளும், கைக்குழந்தைக்காரிகளும் அந்த பஸ்ஸில் நிம்மதியாக ஏறுகிறார்கள். ஒருத்தருக்காகச் செய்த வசதி ஒன்பது பேருக்கு உதவுகிறது, பார்த்தீர்களா?

நம் ஊர்ப்பக்கம் உயரமான படிகள்தான். அதனால் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, பஸ் புறப்படுகிற இடத்திலேயே ஏறுங்கள். முன்பக்கம் 'மாற்றுத்திறனாளிகள்' என்று எழுதிய இருக்கையைக் கண்டக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஏற்றும்போது அக்குளுக்கு அடியில் கை கொடுத்து இழுக்கக் கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும். ஒருவர் பின்னாலிருந்து மார்பைச் சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்க வேண்டும். தூக்குகிறவர் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கினால் முதுகு தப்பிக்கும்.

விமானம்

இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் மதுரையில் விமானம் ஏறாத வீடு குறைந்து வருகிறது. விமானத்தில் உதவி தேவையென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. மாற்றுத்திறனாளிக்குச் சக்கர நாற்காலி உதவிக்குத் தனிப் பணம் கிடையாது.

இந்த விதிகள் கடுமையானதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ் மூளை முடக்குவாதம் உள்ளவர். 2012 பிப்ரவரியில் கோவாவில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்டு விமானத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லாதவர் என்று கீழே இறக்கிவிட்டார்கள். அவர் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. உச்ச நீதிமன்றம் போனார். 2016 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்த விமான நிறுவனம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 மே மாதம் ராஞ்சியில், விசேஷக் கவனிப்புத் தேவைப்படும் ஒரு சிறுவன் மிரண்டு போயிருக்கிறான் என்று சொல்லி விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். அந்த நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. அதன் பிறகு விதியையே மாற்றினார்கள். பறக்கும்போது இவர் உடம்பு கெட்டுவிடும் என்று நிறுவனம் நினைத்தால், விமான நிலையத்தில் டாக்டர் ஒருவர் நேரில் பரிசோதித்துச் சொன்ன பிறகுதான் முடிவு எடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

செயற்கைக் கால் வைத்திருப்பவர்களுக்குப் பாதுகாப்புச் சோதனையில் சங்கடம் வருவதுண்டு. 1981 விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் பொருத்தி மேடையேறி ஆடிய சுதா சந்திரனை மறந்திருக்க மாட்டீர்கள். விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் காலைக் கழற்றச் சொல்வது மனசை நோகடிக்கிறது என்று 2021 அக்டோபரில் அவர் பகிரங்கமாகச் சொன்னார். பாதுகாப்புப் படையினர் மன்னிப்புக் கேட்டார்கள். அப்படி ஒரு நிலைமை வந்தால், தனி அறையில், பெண் அதிகாரி வைத்துச் சோதிக்கும்படி கேளுங்கள்.

கோவிலும் கல்யாண மண்டபமும்

போய்ச் சேர்ந்த இடத்தில் படி இருந்தால்? பழனி மாதிரி மலைக்கோவிலில் 1966-லேயே இழுவை ரயில் வந்துவிட்டது. 2004-ல் ரோப் காரும் வந்தது. பெரிய கோவில்களில் சக்கர நாற்காலி வைத்திருப்பார்கள். அலுவலகத்தில் கேட்டால்தான் வெளியே வரும். ஆடிப்பூரம், ஆடித்தபசு மாதிரி ஜனநெரிசல் நாளை விட்டுவிட்டு, சாதாரண நாளில், காலையில் நடை திறந்த கையோடு கூட்டிக்கொண்டு போனால் நிம்மதியாகத் தரிசனம் செய்யலாம்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மணலுக்கு மேல் மரப்பாதை ஒன்று போட்டார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலை பக்கத்தில் போய்ப் பார்க்க முடிந்தது. இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். சென்னை போனால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கடலைக் காட்டாமல் வராதீர்கள்.

மண்டபம் பிடிக்கும்போது ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். சாய்வுப் பாதை என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசலில் அரையடிப் படி மூன்று இருந்தால் ஒன்றரை அடி. அதற்குப் பதினெட்டு அடி நீளம். நாலடிப் பலகையைச் சாத்தி வைத்துவிட்டு 'வசதி செய்துவிட்டோம்' என்றால் அது சறுக்கு மரம்! கதவு அகலம் மூன்று அடி இருந்தால் நாற்காலி தாராளமாகப் போகும். முக்கியமாகக் கழிப்பறைக் கதவைப் பாருங்கள். தையல் டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய் அளந்துவிடுங்கள், வெட்கம் வேண்டாம்.

சரிவில் நாற்காலியை இறக்கும்போது பின்பக்கமாக, பெரிய சக்கரம் முதலில் இறங்கும்படி இறக்குங்கள். முன்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் சரிந்து விழுவார். நிறுத்தியதும் பிரேக்கைப் போட மறக்காதீர்கள். இன்னொன்று: தள்ளுவதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் "தள்ளட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த நாற்காலி அவருடைய கால் மாதிரி.

வழியில் உடம்பைப் பார்த்துக்கொள்ள

* கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் பிரயாணம் செய்வது பெண்களிடம் இருக்கிற கெட்ட பழக்கம். நீர்க்கடுப்பு வந்துவிடும். தண்ணீரைக் குறைக்காமல், டயப்பரோ பெட்பேனோ கொண்டு போங்கள். மறைப்புக்கு ஒரு பழைய புடவை போதும்.

* உணர்ச்சி இல்லாத கால் உள்ளவர்களைப் பஸ் இன்ஜின் பக்கம் உட்கார வைக்காதீர்கள். சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். அவர்களுக்கு ஹாட் வாட்டர் பேக்கும் ஆகாது.

* ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் புண் வரும். அரை மணிக்கு ஒரு தடவையாவது இடம் மாற்றி, உடம்பைச் சற்றுத் தூக்கிவிடுங்கள். அடியில் மெத்தென்று ஒரு திண்டு போடுங்கள். ராத்திரி படுக்கும் முன் இடுப்பிலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

* வலிப்பு மருந்து முதலானவற்றைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். இரண்டு நாளைக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

* விழுங்கக் கஷ்டப்படும் குழந்தைக்குப் படுக்க வைத்து ஊட்டாதீர்கள். வண்டி நிற்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள்.

* வயசுக்கு வந்த பெண்ணானால் மாத நாளைக் கணக்குப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

* சத்தத்துக்கு மிரளுகிற ஆட்டிசக் குழந்தையானால், நாலு நாள் முன்பிருந்தே ரயில் படத்தைக் காட்டி, "இதுல ஏறப் போறோம், ராத்திரி தூங்கப் போறோம்" என்று கதை போலச் சொல்லி வையுங்கள். காதை மூடும் சாதனம் ஒன்று இருந்தால் நல்லது. லண்டன் பக்கம் காட்விக் விமான நிலையத்தில் 2016-ல், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கென்று சூரியகாந்திப் பூப் போட்ட கழுத்துப் பட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்தாலே ஊழியர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். நாம் ஒரு சின்ன அட்டையில் குழந்தையின் தன்மையை எழுதி வைத்துக் காட்டலாமே!

கேட்டும் கொடுக்காவிட்டால்?

முதலில் எழுத்து. இடம், தேதி, நேரம், வண்டி எண் போட்டு எழுதுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ரயில் என்றால் 139. மற்றவற்றுக்கு நம் மாவட்டத்தில், விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பார்க்கலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். அதற்கும் மேலே மாநில ஆணையர் இருக்கிறார். சட்டத்தை மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். திரும்பவும் மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை. பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை ஜெயில் தண்டனையும் அபராதமும் உண்டு. 'நொண்டி', 'செவிடு' என்று கூசாமல் கூப்பிடுகிற வாய்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

நமக்குப் பக்கத்திலேயே, தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் ஒரு மனிதர் நமக்கெல்லாம் பாடமாக இருக்கிறார். எஸ். ராமகிருஷ்ணன் இன்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அந்த நிலையில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு ஆடிட்டராக இருந்த எஸ். சங்கரராமனும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். எத்தனையோ குழந்தைகள் அங்கே பயிற்சி பெற்றுப் பள்ளிக்கூடம் போகிறார்கள். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. "எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்று அவரை ஒரு அறையில் படுக்க வைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் லிஃப்ட் வேலை செய்கிற காலம் வரட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு வயசு ஏறிவிடும். இவர்கள் வெளியே வந்து, நாலு பேர் கண்ணில் பட்டு, "சாவி யாரிடம்?" என்று கேட்கக் கேட்கத்தான் லிஃப்ட் திறக்கும். இந்த வாரமே அந்த அட்டைக்கு விண்ணப்பம் போடுங்கள். முதல் பிரயாணம் பக்கத்து ஊராக, ஒரு பகல் பொழுதாக இருக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைப் பார்த்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பி வாருங்கள். அடுத்த பத்திரிகை வரும்போது, அடுப்படியில் அந்தக் கேள்வி எழ வேண்டிய அவசியமே இருக்காது.